கிராமத்து ஹைஸ்கூலில் மாணவர் மன்றங்கள்: எத்தனை, எப்போது, என்ன செய்ய வைப்பது?

சர்ஜாபுரா சாலை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் தாலுகாவில் ஒரு சிறிய அரசு ஹைஸ்கூல். கன்னட மீடியம். 8-ஆம் வகுப்பில் 33, 9-இல் 31, 10-இல் 30, மொத்தம் 94 பிள்ளைகள். எச்.எம். (தலைமை ஆசிரியர்) உட்பட ஆசிரியர்கள் ஆறு பேர். பிள்ளைகள் வீட்டில் பேசுவது கன்னடம், தெலுங்கு, தமிழ் என்று மூன்றும் உண்டு. தமிழ் பேசுகிற பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது.

எங்கள் அடுக்ககத்துத் தமிழர்கள் ஐந்து பேர், அதில் மூன்று பேர் பெண்கள், சனிக்கிழமைதோறும் வந்து உதவ எச்.எம். சம்மதம் தந்திருக்கிறார். நாங்கள் சேர்த்து வைத்திருப்பது வருடத்துக்கு 12,000 ரூபாய். நோட்டீஸ் போர்டில் அறிவியல், கணிதம், சுற்றுச்சூழல், சுகாதாரம், இலக்கியம், நூலகம், வாக்காளர் கல்வி, சாலைப் பாதுகாப்பு என்று எட்டு மன்றங்களின் பெயர் இருக்கிறது. ஒன்றும் நடப்பதில்லை. ஊருக்குப் போகிற கடைசி வசதியான பஸ் மாலை 4.40-க்கு.

எத்தனை மன்றம் நடத்தலாம்? எந்த நேரத்தில்? பத்தாம் வகுப்பைச் சேர்க்கலாமா? செலவை எப்படிப் பிரிப்பது? பள்ளியில் மன்றம் நடத்திப் பழக்கம் உள்ளவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். பொதுவான ஊக்க வார்த்தைகள் வேண்டாம், செய்முறைதான் வேண்டும்.

---

சாக்பீஸ்

மேடம், முதலில் அந்த எட்டு. எச்.எம். நிர்வாகத்தில் இருப்பார், உடற்கல்வி ஆசிரியர் மைதானத்தில் இருப்பார். மீதி நாலு பேர். ஆளுக்கு இரண்டு மன்றம் என்றால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். அது நடக்காது என்பதால்தான் பெயர் போர்டோடு நின்றுவிட்டது. மூன்று குழு போதும்: தோட்டம், அறிவியல், பத்திரிகையும் நூலகமும். 8, 9 இரண்டையும் சேர்த்தால் 64 பேர், குழுவுக்கு 21 அல்லது 22. ஒரு ஆசிரியரும் உங்களில் ஒருவர் இருவரும் கவனிக்கக் கூடிய எண்ணிக்கை அது. முப்பதைத் தாண்டினால் பத்துப் பேர் வேலை செய்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

நேரம் சனிக்கிழமை காலைப் பள்ளியின் கடைசி இரண்டு பீரியட். 40, 40 என்று 80 நிமிடம் கிடைக்கும். மாலையில் வைக்கவே வைக்காதீர்கள். பஸ் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பக்கத்தில் மாலை என்பது மாடு கறந்து டெய்ரிக்குப் பால் ஊற்றுகிற நேரம். பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர், தம்பி தங்கை, அடுப்பு. மாலை மன்றத்தில் கடைசியில் தங்குவது பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பையன்கள் மட்டும்தான். மன்றம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்கள் முதலில் கழன்றுவிடுவார்கள்.

80 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் 10 நிமிடம் போன வாரக் குறிப்பேட்டை ஒரு பிள்ளை உரக்கப் படிக்கும். அடுத்த 50 வேலை. அறுபதாவது நிமிடத்தில் மணி. பிறகு 10 நிமிடம் சாமான் எண்ணி எடுத்து வைப்பது, கடைசி 10 எழுதுவதும் அடுத்த வாரத்துக்கு யார் என்ன கொண்டுவருவது என்று முடிவு செய்வதும். அறுபதில் மணி அடிக்காவிட்டால் வேலை நீண்டு, பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடி, மண்வெட்டி வயலில் கிடக்கும். மூன்று வாரம் அப்படி ஆனால் மண்வெட்டி இருக்காது.

குழு பிரிக்க ஒரு துண்டுச் சீட்டில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு வகுப்பும் பாதிப் பாதி. பொறுப்பு நாலு: தலைவர், எழுத்தர், சாமான் பொறுப்பு, நேரப் பொறுப்பு. ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு ஒன்பதாம் வகுப்பும் ஒரு எட்டாம் வகுப்பும் ஜோடியாக. அடுத்த வருடம் எட்டாம் வகுப்புப் பிள்ளை மூத்தவராகி இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளும். எட்டு வாரத்துக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றுங்கள். முதல் பருவத்தில் தேர்தல் வேண்டாம், முதல் ரேங்க் வாங்குபவரோ உரத்த குரல்காரரோதான் வருவார்கள். இன்னொன்றைக் கவனியுங்கள்: யாரும் சொல்லாமலே கருவி பையன்கள் கைக்கும், துடைப்பமும் நோட்டும் பெண் பிள்ளைகள் கைக்கும் போய்விடும். மாற்றிக் கொடுக்க வேண்டியது பெரியவர்களின் வேலை.

பத்தாம் வகுப்பைத் தசரா விடுமுறை வரை சேருங்கள், கற்றுக்கொடுப்பவர்களாக. அதற்குப் பிறகு எஸ்.எஸ்.எல்.சி. தயாரிப்பு நெருக்கும். அப்போது கட்டாயப்படுத்தினால் பெற்றோர், ஆசிரியர் இருவருமே மன்றத்துக்கு எதிராகத் திரும்புவார்கள்.

ஜூனிலிருந்து பிப்ரவரி வரை சனிக்கிழமைகளை எண்ணிவிட்டு அத்தனையும் கிடைக்கும் என்று திட்டம் போடாதீர்கள். தேர்வு, தசரா, பண்டிகை, விளையாட்டுப் போட்டி, பிரதிபா காரஞ்சி (கர்நாடகப் பள்ளிகளின் கலைப் போட்டி) ஒத்திகை எல்லாம் போக இருபது கிடைத்தால் நல்லது. இருபதுக்குத் திட்டமிடுங்கள்.

குழுவுக்கு ஒரு 200 பக்க நோட்டு. தேதி, வந்தவர், செய்தது, கெட்டுப்போனது, அடுத்தது. ஆசிரியர் இடமாற்றத்தில் போனால் மன்றமும் கூடவே போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. புதிதாக வருபவர் அந்த நோட்டை எடுத்து அடுத்த சனிக்கிழமையே தொடர முடிந்தால்தான் அது மன்றம்.

நீங்கள் வெளியாட்கள். எச்.எம். கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதமும், பள்ளியின் எஸ்.டி.எம்.சி. (பெற்றோர் இருக்கும் பள்ளி மேம்பாட்டுக் குழு) கூட்டத்தில் ஒரு தீர்மானமும் வேண்டும். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் யாரும் இருக்கக் கூடாது, எப்போதும் ஒரு ஆசிரியர் கண் பார்வையில். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வேலையைப் படம் எடுங்கள், கையைப் படம் எடுங்கள், அது போதும்.

---

மண்வெட்டி

தோட்டக் குழுவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் கேள்வி: மதிய உணவு பள்ளியிலேயே சமைக்கிறார்களா, வேனில் வருகிறதா? பள்ளியிலேயே சமைத்தால் காய்கறித் தோல், கீரைத் தண்டு தினமும் கிடைக்கும். வேனில் வந்தால் மிஞ்சுவது சோறும் சாம்பாரும்தான். அதை உரக்குழியில் போடாதீர்கள், எலியும் நாயும் வரும், பிறகு பாம்பு வரும். அப்படியானால் சருகு, புல், சாணம் மூன்றை வைத்தே உரம் செய்ய வேண்டும். அதுவும் நன்றாக வரும், நாள் மட்டும் கூடுதலாகும்.

உரத்தொட்டி 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம். செங்கல்லை இடைவெளி விட்டு, சிமென்ட் பூசாமல் அடுக்கினால் போதும், காற்றுப் போக வேண்டும். முன்பக்கம் கல்லை எடுத்து வைக்கிற மாதிரி இருக்கட்டும். இப்படி இரண்டு தொட்டி: ஒன்று நிரம்புகையில் மற்றது முதிரும். இதைவிடச் சிறிதாகக் கட்டினால் சூடு தங்காது.

அடியில் அரை அடி குச்சியும் தேங்காய் மட்டையும். மேலே மூன்று கூடை சருகுக்கு ஒரு கூடை பச்சைக் கழிவு, அதன் மேல் அரை வாளிச் சாணக் கரைசல், கைப்பிடி மண். இதே வரிசையில் மேலே மேலே. ஹொங்கே என்று அங்கே சொல்கிற புங்க இலை, மா, முருங்கை எல்லாம் போடலாம். யூகலிப்டஸ் இலையும் சில்வர் ஓக் இலையும் மக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும், தள்ளி வையுங்கள்.

கைப்பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். ஒன்றுமே வராமல் எறும்பு ஓடினால் காய்ந்துவிட்டது. மூக்கில் ஏறும் அமோனியா நாற்றம் வந்தால் பச்சை அதிகம், சருகு சேர்த்துக் கிளறுங்கள். அழுகல் நாற்றம் என்றால் காற்றுப் போகவில்லை. நன்றாக அடுக்கிய குவியலின் நடுவில் மூன்று நாலு நாளில் 50 டிகிரிக்கு மேல் சூடு ஏறும். நீளத் தண்டுள்ள வெப்பமானி ஒன்று வாங்கித் தினமும் ஒரே நேரத்தில் எழுதி வைத்தால், ஏறி இறங்கும் கோடு அருமையான கிராஃப் ஆகும். சூடு இறங்கியதும் கிளறினால் மறுபடி ஏறும். ஏன் ஏறுகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள், நுண்ணுயிர்ப் பாடம் அங்கே தொடங்கட்டும். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறினால் இரண்டரை மூன்று மாதத்தில் கைக்கு வரும்.

பாத்தி 3 அடி அகலம், 10 அடி நீளம், அரை அடி உயரம். அகலம் மூன்றைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமும் நின்று நடுவை எட்ட வேண்டும், எட்டாவிட்டால் பிள்ளைகள் பாத்தியிலேயே ஏறி மிதிப்பார்கள்.

தண்ணீருக்கு போர்வெல்லை நம்ப வேண்டாம். 94 பிள்ளைகள் தட்டும் கையும் கழுவ ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வைத்தாலும் நாளைக்கு 140 லிட்டர். ஒரு பாத்தி 30 சதுர அடி, அதாவது 2.8 சதுர மீட்டர். நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் பாத்திக்கு 14 லிட்டர். கழுவும் தண்ணீர் மட்டுமே பத்துப் பாத்திக்கு வரும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். கை கழுவும் தொட்டிக்கடியில் கம்பி வலை வைத்துச் சோற்றுப் பருக்கையைத் தடுங்கள். வலையைத் தினமும் தட்டாவிட்டால் இரண்டே நாளில் கொசுவும் நாற்றமும் வந்து, சமையல்கார அம்மாக்கள் அதை எடுத்து எறிந்துவிடுவார்கள். அவர்களை முதல் நாளே சேர்த்துக்கொள்ளுங்கள், தோட்டத்தின் முதல் வாடிக்கையாளர் அவர்கள்தான். தண்ணீர் ஜல்லி போட்ட ஒரு குழி வழியாகப் போய், ஓரத்தில் கல்வாழைக்கும் வாழைக்கும் பாய்ந்து, பிறகு பாத்திக்குப் போகட்டும். தட்டுக் கழுவிய தண்ணீரைக் கீரை இலை மேல் ஊற்றக் கூடாது, வேருக்கு மட்டும்.

ஜூனில் தண்டுக்கீரை, வெந்தயக்கீரை. 25, 30 நாளில் பறித்துச் சமையலறைக்குக் கொடுக்கலாம், முதல் பலன் சீக்கிரம் கண்ணில் படவேண்டும். கீரை விதை பொடியானது, பத்துப் பங்கு மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். இரண்டாவது முள்ளங்கி, 45 நாள். ஜூலை ஆகஸ்டில் அவரை போடுங்கள். நாட்டு அவரை பகல் குறுகும்போதுதான் பூக்கும், அதனால் எப்போது போட்டாலும் டிசம்பர் ஜனவரிக்குத்தான் காய். ஊரெல்லாம் அவரைக்காய் மணக்கும் மாதத்தில் பள்ளிக்கும் சொந்த அவரை வரும்.

தோட்டத்தைக் கொல்வது பூச்சியல்ல, விடுமுறை. அவரை தவிர மற்றவை தசராவுக்கு முன் அறுவடை முடிகிற மாதிரி விதையுங்கள். கோடை விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். ஜனவரி கடைசிக்குப் பிறகு எதுவும் விதைக்காமல், பாத்திமேல் நாலு அங்குலம் சருகு மூடிவிடுங்கள். கறிவேப்பிலை, முருங்கை, பப்பாளி வேலியோரம் நிற்கட்டும். ஆடு புகுகிற இடைவெளி ஒன்றே ஒன்று இருந்தாலும் ஒரே மதியத்தில் முடிந்துவிடும். விதை வாங்கும் முன் வேலியை ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

---

ஜனக்புரி வெயில்

டெல்லியிலிருந்து எழுதுகிறேன். அறிவியல் குழுவுக்கு நிழல் அளக்கும் வேலையைப் பரிந்துரைக்கிறேன். செலவு மிகக் குறைவு, கணிதமும் உள்ளே இருக்கிறது.

பெங்களூருப் பகுதியில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது வருடத்தில் இரண்டு நாள்: ஏப்ரல் 24 வாக்கில், ஆகஸ்ட் 18 வாக்கில். அன்று நண்பகலில் செங்குத்துக் கம்பத்துக்கு நிழல் இருக்காது. பலரும் அதையே மன்ற நிகழ்ச்சியாக வைப்பார்கள். உங்கள் பள்ளிக்கு அதில் சிக்கல். ஏப்ரல் 24-க்குக் கர்நாடகப் பள்ளிகள் கோடை விடுமுறையில் இருக்கும். ஆகஸ்டில் பள்ளி இருக்கும், வானம் மூடியிருக்கும். அந்த ஒரு நாளை நம்பி இருக்காமல் இரண்டு ஊர் நிழலை ஒரே நாளில் அளங்கள்.

ஆனேக்கலும் டெல்லியும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன, இரண்டும் கிழக்கு 77 டிகிரியும் சொச்சமும். அதனால் இரண்டு ஊரிலும் சூரிய நண்பகல் ஓரிரு நிமிட வித்தியாசத்தில் வரும். டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இங்கே இருக்கின்றன, தமிழ் கற்கும் பிள்ளைகள். உங்கள் பள்ளியில் தமிழ் பேசும் பிள்ளைகள் போனில் அவர்களோடு பேசி அளவை வாங்கலாம். எழுதத் தெரியாவிட்டால் என்ன, இதில் பேச்சுத்தான் வேண்டும்.

தேவையானவை: சரியாக 1 மீட்டர் வெட்டிய பி.வி.சி. குழாய், கொத்தனார் தூக்குக்குண்டு, ரசமட்டம், சாக்பீஸ், அளவு நாடா. சமமான சிமென்ட் தரை. மைதான மண் வேண்டாம். குழாயை மணல் நிரப்பிய வாளியில் நட்டால் அடி தரையிலிருந்து உயர்ந்துவிடும், அளவு கெடும். அடியில் மரப்பலகை ஆணியடித்து நிறுத்துங்கள், உயரத்தைப் பலகையின் அடியிலிருந்து நுனி வரை மறுபடி அளங்கள். 11.45-லிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைக் குறித்து நேரம் எழுதுங்கள். 12.40 வரை. மிகக் குட்டையான நிழல்தான் தேவையான அளவு, டிசம்பரில் அது காட்டும் திசை சரியான வடக்கு.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் உங்களுக்கு ஏறத்தாழ 72 சென்டிமீட்டர் வரும், டெல்லியில் 126. எட்டாம் ஒன்பதாம் வகுப்புக்கு டான்ஜென்ட் தெரியாது, தேவையும் இல்லை. கிராஃப் தாளில் 10 சென்டிமீட்டர் செங்குத்தாகவும் 7.2 கிடையாகவும் வரைந்து, மேல் முனையில் பாகைமானி வைத்தால் 36 டிகிரிக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். டெல்லிக்கு 12.6 வரைந்தால் 51 அரை. நன்றாக அளந்தால் வித்தியாசம் 15.8 வரும். இரண்டு ஊருக்கும் நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 1,760 கிலோமீட்டர். அதை 360-ஆல் பெருக்கி 15.8-ஆல் வகுத்தால் 40,100. பூமியின் சுற்றளவு! உண்மை அளவு துருவங்கள் வழியாக 40,008 கிலோமீட்டர். அந்த எண் கரும்பலகையில் வந்து விழும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எங்கே தவறும்: குழாய் வடக்கு தெற்காக 1 டிகிரி சாய்ந்தாலே கோணம் 1 டிகிரி தப்பும். 15.8-இல் ஒன்று என்றால் விடையில் 2,500 கிலோமீட்டர் பிழை. தூக்குக்குண்டை இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். நிழல் நுனி எப்போதும் மங்கலாகத்தான் இருக்கும், ஏனென்றால் சூரியன் புள்ளி அல்ல, தட்டு. குழாய் நுனியில் சிறு துளையிட்ட அட்டையை ஒட்டி, துளையின் ஒளிப்பொட்டின் நடுவைக் குறித்தால் தெளிவு கூடும். அப்போது உயரம் என்பது துளையின் உயரம். ஒரு நாளை மட்டும் நிச்சயித்து வைக்காதீர்கள். இங்கே புகைமூட்டம், அங்கே மேகம். ஒரு வாரம் முழுவதும் இரு பள்ளியும் அளந்து, இருவருக்கும் வெயில் கிடைத்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

வாராவாரம் தொடர்கிற வேலை வேண்டுமானால் சீசன்வாட்ச், மரங்களின் பருவ மாற்றத்தைப் பதிவு செய்யும் திட்டம். பள்ளி வளாகத்தில் நாலு மரம், புளி, மா, பலா, புங்கை மாதிரி, எண் கட்டி விடுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே மரத்தில் தளிர், பூ, காய், பழம் இல்லை, கொஞ்சம், நிறைய என்று எழுத வேண்டும். மரத்தை நடுவில் மாற்றினால் எழுதியதெல்லாம் வீண்.

---

சர்ஜாபுரா சாலை

மூவருக்கும் மிக்க நன்றி. மதிய உணவு பள்ளியிலேயே சமைக்கிறார்கள், மண்வெட்டி சார். எச்.எம்.மிடம் மூன்று குழு என்று பேசினேன். அவருக்குச் சம்மதம்தான், ஆனால் எட்டுப் பெயரையும் எடுக்க முடியாது, ஆய்வுக்கு வருபவர்கள் கேட்பார்கள் என்கிறார். என்ன செய்யலாம்? பிள்ளைகளின் புது அறிவியல் எண்ணங்களுக்கு மத்திய அரசு தருகிற இன்ஸ்பயர் விருதுக்கு எழுதவும் உதவச் சொன்னார்.

---

சாக்பீஸ்

பெயர் இருக்கட்டும் மேடம், அவர் சொல்வதும் நியாயம்தான். எட்டையும் மூன்று குழுவுக்குள் வைத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதலாம். பொய் இல்லாமலே எழுதலாம். உரத்தொட்டியும் கை கழுவும் தண்ணீரும் சுற்றுச்சூழல், சுகாதாரம் இரண்டும். வெப்பம், மழை, நிழல் எல்லாவற்றையும் கிராஃப் ஆக்குவது கணித மன்றம். சாலைப் பாதுகாப்புக்குப் பள்ளி மதிலுக்கு உள்ளே நின்று அரை மணி நேரத்தில் போகும் பைக்குகளில் ஹெல்மெட் போட்டவர், போடாதவர் எண்ணிப் பத்திரிகையில் போடட்டும். சாலையில் இறங்கி எண்ணக் கூடாது. வாக்காளர் கல்விக்கு இரண்டாம் பருவத்தில் பத்திரிகை ஆசிரியர் குழுவுக்குப் பிள்ளைகளிடையே தேர்தல்: பெயர்ப் பட்டியல், வாக்குச் சீட்டு, அட்டைப் பெட்டி மறைப்பு, விரலில் மை, எண்ணிக்கை. இதற்குள் பலருக்கும் பொறுப்பு சுற்றி வந்திருக்கும், யார் வேலை செய்கிறவர் என்று தெரிந்து வாக்களிப்பார்கள்.

இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் ஒரு பள்ளி ஐந்து எண்ணங்கள் வரை அனுப்பலாம். தேர்வானால் 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். இங்கேதான் சிக்கும்: கணக்கில் உள்ள பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, அல்லது கணக்கே முடங்கியிருக்கும். பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்பு பாஸ்புக்குகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எண்ணத்தை யூடியூபிலிருந்து எடுக்க விடாதீர்கள். பார்வை இல்லாதவருக்கு அதிர்கிற கைத்தடி, தானாக எரியும் தெருவிளக்கு எல்லாம் எல்லாப் பள்ளியிலிருந்தும் போகிறது. வீட்டில், வயலில், மாட்டுத் தொழுவத்தில் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிற வேலை எது என்று ஒரு மாதம் எழுத வையுங்கள். ராகி புடைக்கும்போது கண்ணில் விழும் தூசி, பால் கேனைச் சைக்கிளில் கட்டினால் சாய்வது, இப்படி வரும். அதிலிருந்து எடுங்கள். நீங்கள் எழுதித் தராதீர்கள், படமும் அவர்களே வரையட்டும்.

---

சுவரெழுத்து

பத்திரிகை நூலகக் குழு பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சேர்க்கிறேன்.

சுவர்ப் பத்திரிகைக்கு 4 அடிக்கு 3 அடி மென்பலகை. ஏ4 தாள் மூன்று வரிசையில் நாலு நாலாகப் பன்னிரண்டு ஒட்டலாம். உயரம் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்கு நேராக. மழைச் சாரல் அடிக்காத, எல்லோரும் தட்டு எடுக்க வரிசையில் நிற்கிற இடம் மிகச் சிறந்தது, படிக்காமல் போக முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒரு இதழ். வாராவாரம் என்றால் மூன்றாவதிலேயே மூச்சு வாங்கும். மாதம் ஒன்று என்றால் மறந்துபோவார்கள்.

கவிதை கட்டுரை என்று கேட்டால் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து வருவார்கள். நிலையான பகுதிகளைக் கொடுங்கள், காலியிடம் தானே நிரப்பச் சொல்லும். பத்து நாள் மழையளவு. இந்த வாரச் சந்தையில் தக்காளி, பீன்ஸ், ராகி விலை. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்ட ஐந்து கேள்வி. ஒரு பொருள், மூன்று மொழி: தமிழில் களி, கன்னடத்தில் முத்தெ, தெலுங்கில் சங்கடி. இந்தப் பகுதியில் தமிழ் வார்த்தையைத் தமிழ் எழுத்திலும் கன்னட எழுத்திலும் போடுங்கள். இதழுக்கு ஐந்து வார்த்தை என்றாலும் வருடக் கடைசியில் தமிழ்ப் பிள்ளைகள் பாதி எழுத்தைப் பிடித்துவிடுவார்கள். மொழிக் கூர்மை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே அளவு எழுத்தில்.

பிழையைச் சிவப்பு மையால் திருத்தி ஒட்டாதீர்கள். பென்சிலில் குறித்துத் திருப்பிக் கொடுத்து, அவர்களே நகல் எடுத்தபின் ஒட்டுங்கள். இறக்கிய இதழைத் துளையிட்டு நூலில் கட்டி நூலகத்தில் வையுங்கள்.

நூலகத்தில் பெரும்பாலும் பிரச்சினை புத்தகம் இல்லாதது அல்ல, பூட்டு. தொலைந்தால் ஆசிரியர் பணம் கட்ட வேண்டுமோ என்ற பயத்தில் பீரோ திறக்காது. எச்.எம்.மிடம் பேசி, உங்கள் பணத்தில் வாங்கும் புத்தகங்களைத் தனிப் பதிவேட்டில் வையுங்கள், தொலைந்தால் தொலைந்ததென்று எழுதலாம் என்று முன்பே முடிவு செய்யுங்கள். அறுபது புத்தகம், கயிற்றில் தொங்கவிடலாம். திங்கள் எடுத்து அடுத்த திங்கள் திருப்ப வேண்டும். வாங்க முடியாதவற்றுக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் ஒரே கதை இலவசமாகக் கிடைக்கும், அச்சிட்டுக்கொள்ள உரிமை உண்டு. ஒரே கதையை மூன்று மொழியில் அச்சிட்டு, மூன்று பிள்ளைகள் பக்கம் பக்கமாக உரக்கப் படிக்கட்டும்.

12,000-ஐ இப்படிப் பிரிப்பேன்: தோட்டத்துக்கு 4,000, அதில் பாதி வேலிக்கும் கருவிக்கும். அறிவியலுக்கு 2,500. பலகை, தாள், புத்தகத்துக்கு 2,500. முதலுதவிப் பெட்டி, கையுறை, பூட்டுக்கு 1,000. மீதி 2,000-ஐ ஜனவரி வரை தொடாதீர்கள், எது உடைந்தது என்று அப்போதுதான் தெரியும். பிள்ளைகளுக்கு டி-ஷர்ட், பேட்ஜ், பேனர் எதற்கும் ஒரு ரூபாய் கூட வேண்டாம்.

---

மண்வெட்டி

மழையளவு என்று சுவரெழுத்து சொன்னதால் ஒரு விஷயம். இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் மழைமானி. நேரான பக்கமுள்ள பாட்டிலாக இருக்க வேண்டும், இடுப்பு ஒடுங்கியது உதவாது. அடி குழிந்திருக்கும், கூழாங்கல் போட்டு நேர்ப்பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யம் குறியுங்கள். அதற்கு மேல் ஸ்கேலில் 1 மில்லிமீட்டர் ஏறினால் 1 மில்லிமீட்டர் மழை, சதுர மீட்டருக்கு 1 லிட்டர். பக்கத்து மரம், சுவர் எவ்வளவு உயரமோ அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள், மொட்டை மாடி விளிம்பில் வேண்டாம், காற்று தள்ளிவிடும்.

வானிலைத் துறை காலை 8.30-க்கு எடுக்கும். உங்களுக்கு மணி அடிக்கும் நேரம்தான் முடியும் என்றால் தினமும் அதே நேரம், மாற்றாதீர்கள். திங்கட்கிழமை எடுப்பது சனி காலையிலிருந்து பெய்த இரண்டு நாள் மழை, அதை ஒரு நாள் கணக்கில் போட்டால் கிராஃபில் திங்கள்தோறும் வெள்ளம் தெரியும். தினமும் எழுதிவிட்டுத் தண்ணீரைப் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மழையே இல்லாத நாளிலும் 0 என்று எழுத வேண்டும். காலியாக விட்டால், பெய்யவில்லையா, யாரும் பார்க்கவில்லையா என்று பிறகு யாருக்கும் தெரியாது.